விழுந்தீர்களா என்று நான் கேட்கவில்லை

டயாலிசிஸ் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஒரு மணி நேரம் பேசச் சொல்லி என்னை அழைத்தார்கள். மேடையில் பேச எனக்கு வராது, எழுதித் தருகிறேன் என்றேன். எந்த மருந்தை எவ்வளவு எடுப்பது, குழாயில் எந்த இடத்தில் செலுத்துவது, எதைக் கடைசி மணி நேரத்துக்கு ஒதுக்கி வைப்பது என்பதெல்லாம் உங்கள் சுவரில் ஒட்டியிருக்கிறது. பக்கத்தில் நின்று காட்டித் தரவும் ஆள் இருக்கிறது. நான் இருபத்தாறு வருஷம் இந்த வேலை பார்த்து, ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. அதில் ஒரே ஒரு காலையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அது நல்லபடியாக முடிந்தது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நீங்கள் பயந்துகொண்டே படிக்க வேண்டாம்.

அப்போது நான் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருந்தேன். எட்டுப் படுக்கைகள். முதல் முறை காலை ஆறரைக்குத் தொடங்கும். செவ்வாய், வியாழன், சனி காலையில் மூன்றாம் படுக்கை சுடலைமுத்து அண்ணாச்சிக்கு. பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். சர்க்கரை நோய் சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது. வீடு ஆற்றங்கரையில், குறுக்குத்துறைப் பக்கம். நாலு வருஷமாக வருகிறார். ஊசி குத்தும்போது முகத்தைச் சுளிக்க மாட்டார். இயந்திரத்தின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் எங்களுக்கு முன்னால் அவர் காது கண்டுபிடித்துவிடும். "சிஸ்டரு, மோட்டார் இழுக்குது, பாருங்க" என்பார். பார்த்தால் எங்காவது குழாய் மடங்கியிருக்கும்.

அன்று சனிக்கிழமை. எங்களில் ஒரு சிஸ்டர் விடுப்பு. எட்டுப் பேருக்கு நானும் டெக்னீசியன் அந்தோணியும் மட்டும். அண்ணாச்சி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தார். அந்த அறையில் ஏசி குளிர் அதிகம். பாதிப் பேர் மஃப்ளரும் போர்வையுமாகத்தான் வருவார்கள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"நல்லா இருக்கியளா அண்ணாச்சி?"

"நல்லாருக்கேன் சிஸ்டரு."

எடை பார்த்தேன். ரத்த அழுத்தம் பார்த்தேன். கொஞ்சம் கூடுதல். டயாலிசிஸுக்கு முன்னால் அது வழக்கம்தான். கையில் ஊசிகளை ஏற்றினேன். ஹெபாரினைச் செலுத்தினேன். அது ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மருந்து. அது இல்லாவிட்டால் உடம்பை விட்டு வெளியே ஓடும் ரத்தம் குழாயிலேயே கட்டிப்போகும். குறிப்பில் நேரம் எழுதினேன், ஏழு பத்து. இயந்திரத்தை ஓடவிட்டு நாலாம் படுக்கைக்குப் போனேன்.

அதற்குப் பிறகு அவர் ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டார். "சிஸ்டரு, தலகாணிய இந்தப் பக்கமா கொஞ்சம் பைய நவுத்துதியளா?" நான் அவர் பக்கம் திரும்பாமலே அந்தோணியிடம் சொன்னேன். அவன் நகர்த்தி வைத்தான்.

ஏழரைக்கு அழுத்தம் பார்க்கப் போனபோது தலையணை உறையில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு சிவப்பு. முதலில் குழாய் இணைப்பில் கசிவு என்று நினைத்தேன். கையைப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. பிறகுதான் துண்டைப் பார்த்தேன். காதுக்குப் பின்னால் ஈரமாகிச் சிவந்திருந்தது. அவிழ்த்தேன். இரண்டு விரல் நீளத்துக்கு வெட்டு. அதைச் சுற்றி எலுமிச்சம்பழம் மாதிரி வீக்கம். மஞ்சள்தூள் வைத்து அடைத்திருந்தார். காலையில் நின்றுபோயிருந்த ரத்தம், நான் போட்ட மருந்தால் மறுபடி கசிய ஆரம்பித்திருந்தது.

"அண்ணாச்சி, இது என்ன?"

"ஒண்ணுமில்ல சிஸ்டரு. காலைல படியில வழுக்கிட்டு."

"எத்தன மணிக்கி?"

"அஞ்சே கால் இருக்கும்."

"தல வலிக்கா?"

"வலிக்கத்தான் செய்யுது," என்றார்.

உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தோலில் இருக்கும் வெட்டு நமக்குத் தெரிகிறது, அமுக்கிப் பிடித்தால் நின்றுவிடும். மண்டைக்கு உள்ளே ஒரு சின்னக் கசிவு இருந்தால்? அதைத் தானாக நிற்க விடாமல் செய்யும் மருந்தை என் கையால் இருபது நிமிஷத்துக்கு முன்னால் கொடுத்திருக்கிறேன். தொடர்ந்து ஹெபாரின் செலுத்திக்கொண்டிருந்த பம்பை நிறுத்தினேன். காயத்தில் துணியை வைத்து அழுத்தினேன். "அந்தோணி, டூட்டி டாக்டரக் கூப்பிடு, பெரிய டாக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கர்ல வையி" என்று சொன்னேன். குரல் என்னுடையது மாதிரியே இல்லை.

டூட்டி டாக்டர் வேலைக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்த இளைஞர். ஓடி வந்தார். பெரிய டாக்டர் எங்கள் சிறுநீரக மருத்துவர். அவர் அப்போது காரில் வந்துகொண்டிருந்தார். போனில் அவர் குரல் எப்போதும் போலத்தான் இருந்தது.

"எவ்வளவு ஹெபாரின்? எத்தனை மணிக்கு?"

சொன்னேன்.

"கை கால் அசைக்கிறாரா? பேச்சு தெளிவா இருக்கா?"

"இருக்கு சார். தலைவலி மட்டும் சொல்லுதாரு."

"சரி. மெஷினை நிறுத்து. ரத்தத்தை உள்ளே திருப்பிவிடு. ஒரு ஊசியை எடுக்காதே, மருந்து போட வேணும். புரோட்டமின் எடுங்க."

ஹெபாரினின் வேலையை முறிக்கும் மருந்து அது. டூட்டி டாக்டர் உடனே அளவைக் கணக்கிட்டார். நான் மருந்தை எடுத்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. அண்ணாச்சி வருஷக்கணக்காகப் போடும் இன்சுலின், பால் மாதிரி கலங்கலாக இருக்கும் அந்தப் பழைய வகை. அதிலும் புரோட்டமின் உண்டு. அதைப் போட்டுப் பழகியவர்களுக்குப் புரோட்டமினை நரம்பில் செலுத்தினால் சிலருக்குத் திடீரென்று ஒவ்வாமை வரும், அழுத்தம் விழுந்துவிடும். எப்போதோ பெரிய டாக்டர் போகிறபோக்கில் சொன்னது.

சொல்லலாமா என்று ஒரு கணம் தயங்கினேன். நம்புங்கள், தயங்கினேன். ஏற்கெனவே ஒரு தப்புச் செய்தவள், இப்போது மருந்தையும் தாமதப்படுத்துகிறாள் என்று நினைப்பார்களே என்று. தப்பு செய்த உடனே நமக்கு வாய் அடைத்துவிடும். அந்த நேரத்தில்தான் நாம் நிறையப் பேச வேண்டியிருக்கும்.

"சார், இவரு கலங்கல் இன்சுலின் போடுதவரு," என்றேன் போனைப் பார்த்து.

"நல்லவேளை சொன்னே," என்றார் பெரிய டாக்டர். "இருந்தாலும் போடத்தான் வேணும். ரொம்ப மெதுவா. பத்து நிமிஷத்துக்குக் குறையாம. ஒவ்வாமை வந்தா போட அட்ரினலின் எடுத்துப் பக்கத்துல வச்சுக்கோங்க. ஏதாவது மாறினா அந்த நொடியே நிறுத்து. யாரையும் கேக்க வேண்டாம்."

பத்து நிமிஷம் ஒரு சின்ன ஊசியைத் தள்ளியிருக்கிறீர்களா? கட்டைவிரலுக்கு அது தெரியாது. அது தள்ளிவிடத்தான் பார்க்கும். எதிரே சுவர்க் கடிகாரம். அந்தோணி காயத்தை அழுத்திப் பிடித்திருந்தான். டூட்டி டாக்டர் பாவம், நின்ற இடத்தில் நிற்க முடியாமல், "சிஸ்டர், ஸ்கேனுக்கு லேட் ஆகுது, கொஞ்சம் வேகமா" என்றார். இரண்டு தடவை சொன்னார். நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு அதே வேகத்தில் தள்ளினேன்.

பாதி போயிருக்கும். "சிஸ்டரு, மூஞ்சி எரியுத மாதிரி இருக்கு," என்றார் அண்ணாச்சி. நிறுத்தினேன். முகம் சிவந்திருந்தது. அழுத்தம் நூற்று அறுபதிலிருந்து நூற்றுப் பத்துக்கு வந்திருந்தது.

"மீதி பாதி இருக்கே, போட வேண்டாமா?" என்றார் டூட்டி டாக்டர்.

"வேண்டாம் சார். நிக்கட்டும்."

நின்றோம். அண்ணாச்சியின் கால்களைத் தூக்கி வைத்தோம். இரண்டாவது நிமிஷம் நூற்று எட்டு. நாலாவது நிமிஷம் நூற்றுப் பதினைந்து. மூச்சு சீராக இருந்தது. ஆறாவது நிமிஷம் நூற்று முப்பது. எடுத்து வைத்த அட்ரினலின் தட்டிலேயே இருந்தது. போனில் பெரிய டாக்டர், "போனது போதும். மீதி ஹெபாரின் தானா இறங்கிரும். ஸ்கேனுக்குக் கொண்டு போ," என்றார்.

ஸ்கேன் அறை வாசலில் அண்ணாச்சியின் மனைவி இசக்கியம்மாள் நின்றிருந்தாள். கையில் இட்லிப் பொட்டலம். டயாலிசிஸ் பாதியில் அவருக்குக் கொடுக்கக் கொண்டுவருவது. ஒன்றும் தெரியாமல் வந்தவளை அந்தோணி அங்கே கூட்டி வந்திருந்தான். அவளிடம் யார் சொல்வது? நான்தான் சொன்னேன். காயம் இருப்பதைப் பார்க்காமல் ரத்தம் உறையாத மருந்தைப் போட்டுவிட்டேன், முறிக்கிற மருந்தும் கொடுத்திருக்கிறோம், மண்டைக்குள் ரத்தம் இருக்கிறதா என்று இப்போது பார்க்கிறார்கள் என்று.

அடிப்பாள் என்றுகூட நினைத்தேன். "தெரிஞ்சா போட்டிய? தெரியாமத்தான போட்டிய," என்றாள். பிறகு, "இவிய விழுந்ததே எனக்குத் தெரியாதே. மஞ்சப்பொடி டப்பா தெறந்து கெடக்கேன்னுதான் பாத்தேன்," என்று சொல்லிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அதற்குள் வந்து சேர்ந்திருந்த பெரிய டாக்டர் முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தார். மண்டை ஓட்டுக்குக் கீழே இடப் பக்கம் நூல் மாதிரி ஒரு கசிவு இருக்கிறது, ஆனால் மூளையை அழுத்தவில்லை என்றார். மூளை அறுவை மருத்துவரும் பார்த்துவிட்டார், இப்போதைக்குக் கத்தி தேவையில்லை, மறுநாள் இன்னொரு ஸ்கேன். "அது பெருகாம இருந்தா அவர் தப்பிச்சார். நாமளும்," என்றார்.

அன்று மதியம் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். அந்தோணி பக்கத்தில் வந்து நின்றான். நல்ல பையன், என் மேல் பாசம் உள்ளவன். "அக்கா, கீழ கீழ விழுந்தியளான்னு கேட்டேன், இல்லன்னு சொன்னாருன்னு ஒரு வரி எழுதிருங்க. அவரும் மறைக்கத்தான செஞ்சாரு? கேட்டிருந்தாலும் இல்லன்னுதான் சொல்லியிருப்பாரு."

அது உண்மையாகக்கூட இருக்கலாம். பேனாவைத் தாளில் வைத்தேன். எத்தனை வருஷ வேலை, என்ன நடக்குமோ என்று நினைத்தேன். ஆனால் நான் கேட்டது 'நல்லா இருக்கியளா' என்பது மட்டும்தான். அதற்கு நம் ஊரில் யாராவது இல்லை என்று சொல்லுவார்களா? தெருவில் எதிரே வருகிறவரிடம் கேட்கிற மாதிரி கேட்டேன், அவரும் அப்படியே பதில் சொன்னார். அதைத்தான் எழுதினேன். விழுந்தாரா என்று கேட்கவில்லை, துண்டை அவிழ்த்துப் பார்க்கவில்லை, தலையணை நகர்த்தக் கேட்டபோது காரணம் விசாரிக்கவில்லை. பிறகு கொடுத்த மருந்துகள், நேரங்கள், எந்த இடத்தில் நிறுத்தினேன் என்பது எல்லாம்.

பெரிய டாக்டர் அதை நின்றபடியே படித்தார். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"நீ கேட்டது வெறும் குசல விசாரிப்பு. அது கேள்வி இல்லை," என்றார். தாளை மடித்தார். "ஆனா இன்னொண்ணு இருக்கு. அவர் ஏன் சொல்லலைன்னு கேட்டியா?"

"இல்ல சார்."

"அதையும் கேட்டுரு. அது தெரியாம இந்தக் குறிப்பு முடியாது."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. இருந்தும் போனேன். இரண்டாவது ஸ்கேன் பத்து மணிக்கு. கசிவு அப்படியே இருந்தது, ஒரு மயிரிழைகூடக் கூடவில்லை. செய்தியைச் சொன்னதும் இசக்கியம்மாள் மடியில் இருந்த பொட்டலத்தைப் பிரித்து ஒரு இட்லியை என் கையில் வைத்தாள். "நேத்துலேருந்து நீங்களும் ஒண்ணும் தின்னிருக்க மாட்டிய," என்றாள். உண்மைதான். மிளகாய்ப்பொடி தடவிய அந்த ஆறிப்போன இட்லியை நின்றுகொண்டே தின்றேன். தொண்டையில் இறங்க இறங்கத்தான் அழுகை வந்தது.

ஹெபாரின் இல்லாமல், அரை மணிக்கு ஒரு தடவை உப்புநீர் விட்டுக் குழாயைக் கழுவிக் கழுவி அவருக்கு டயாலிசிஸ் நடந்தது. நாலு மணி நேரமும் நான் பக்கத்திலேயே இருந்தேன். அப்போதுதான் கேட்டேன்.

"அண்ணாச்சி, எந்தப் படியில விழுந்திய?"

மனைவியைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். "ஆத்துப் படியில," என்றார்.

"ஆத்துக்கா போனிய?" என்றாள் இசக்கியம்மாள்.

"டெய்லி போவேன். நீ எந்திக்கதுக்கு முன்னாடி."

உங்களுக்குத் தெரியும், இவர்கள் ஒரு நாளைக்கு மூன்று டம்ளருக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது. அந்தத் தாகம் எப்படி இருக்கும் என்று நாம் ஒருவரும் அனுபவித்ததில்லை. அவர் சொன்னார்: "நாக்கு ஒட்டிக்கிடும் சிஸ்டரு. ராத்திரி பூரா தண்ணி தண்ணின்னுதான் சொப்பனம் வரும். ஆத்துல எறங்கி கழுத்து வரைக்கும் நின்னா தாகம் கொஞ்சம் அடங்குத மாதிரி இருக்கும். ஒரு சொட்டு குடிக்க மாட்டேன். சும்மா நிப்பேன். ஊசி போடுத கைய மட்டும் தூக்கி வச்சுக்கிடுவேன். அன்னைக்கு ஏறும்போது பாசி வழுக்கிட்டு."

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"எப்படிச் சொல்ல? போன வாரம் ரெண்டு கிலோ எடை கூட வந்ததுக்கு எட்டுப் பேரு முன்னால நீங்க என்ன ஏசு ஏசுனிய. சின்னப் பிள்ளைய ஏசுத மாதிரி. ஆத்துக்குப் போனேன்னு சொன்னா அங்கன குடிச்சிருப்பேன்னுதான நெனப்பிய? வாயத் தொறக்கவே பயமா இருந்துச்சு."

ஏசினேன். அது நினைவில் இருந்தது. எல்லா நோயாளிகளையும்தான் ஏசுவேன், அவர்கள் நல்லதுக்குத்தானே என்று. அந்த வார்டில் உண்மையைச் சொன்னால் ஏச்சு கிடைக்கும் என்று நாலு வருஷமாக நான்தான் அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். துண்டை அவர் கட்டிக்கொண்டார், ஆனால் கட்ட வைத்ததில் எனக்கும் பங்கு உண்டு. குறிப்பின் அடியில் இதையும் எழுதினேன்.

இசக்கியம்மாள்தான் கடைசியில் பேசினாள். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானும் வந்து கரையில நின்னிருப்பேம்லா? நான் என்ன புலியா சிங்கமா?" என்றாள். அவர் சிரித்தார். தலையில் கட்டோடு அவர் சிரித்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு முழு மூச்சு வந்தது.

அந்தத் திங்கட்கிழமை முதல் எங்கள் வார்டில் ஒரு வழக்கம் வந்தது. ஹெபாரினைக் கையில் எடுப்பதற்கு முன்னால் கேட்டுவிட வேண்டும். விழுந்தீர்களா, எங்காவது ரத்தம் வந்ததா, பல் பிடுங்கினீர்களா, வேறு டாக்டரிடம் போனீர்களா. தனித்தனியாக, முகத்தைப் பார்த்து, பதில் வரும்வரை நின்று. எடை கூடி வந்தவரை யார் முன்னாலும் ஏசக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொண்டோம். முதலாவதைப் பழக ஒரு வாரம் ஆனது. இரண்டாவதைப் பழக எனக்கு ஒரு வருஷம் ஆனது.

என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. விசாரணை நடந்தது, நான் எழுதியதையே திரும்பச் சொன்னேன். பிறகு புதிதாக வருகிறவர்களுக்கு அந்தக் குறிப்பைப் படிக்கக் கொடுத்தார்கள், என் பெயரை மட்டும் மறைத்து. நான் போய் அது நான்தான் என்று சொல்லிவிடுவேன்.

இரண்டரை மாதம் கழித்து, கசிவு கரைந்துவிட்டது, இனிக் குறைந்த அளவில் ஹெபாரின் கொடுக்கலாம் என்று பெரிய டாக்டர் எழுதினார். அன்று செவ்வாய்க்கிழமை காலை, அதே மூன்றாம் படுக்கை. மருந்துத் தட்டோடு நான் வருவதை அவர் பார்த்துவிட்டார். நான் கேட்பதற்கு முன்னாலேயே ஒவ்வொரு விரலாக மடக்கிச் சொல்ல ஆரம்பித்தார்.

"விழல. ரத்தம் வரல. பல்லு அம்புட்டும் அங்கனயே இருக்கு. எந்த டாக்டர்கிட்டயும் போவல."

"சரி அண்ணாச்சி."

"பொறுங்க சிஸ்டரு, முடிக்கல." குரலைத் தாழ்த்தினார். "நேத்து மச்சினன் வீட்டுக் கல்யாணத்துல ரெண்டு டம்ளர் மோர் கூடக் குடிச்சிட்டேன். ஏசாதிய."

நான் ஏசவில்லை. இயந்திரம் எடுக்க வேண்டிய நீரோடு அந்த இரண்டு டம்ளரையும் கூட்டிக்கொண்டேன். பிறகு ஹெபாரினை எடுத்தேன்.